சாவி யார் கையில்?

"ஆசிரியர்களுக்குக் கணினி என்றாலே காய்ச்சல்! சுண்ணக்கட்டியை விட்டு வர மனமில்லை!" இப்படி ஏளனம் பேசும் மேதாவிகள் நாட்டிலே நிரம்ப உண்டு. கணினி வந்து இறங்குகிறதாம். ஆசிரியர்தான் தொட மறுக்கிறாராம்!

உண்மை அதுதானா, தோழர்களே? அண்டை மாநிலமாம் கேரளத்தைச் சற்றுப் பார்ப்போம்.

2001இல் அங்கே 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் பிறந்தது. தொடக்கத்தில் பாடநூல் மைக்ரோசாப்ட் கம்பெனியின் மென்பொருளையே சுற்றிச் சுழன்றது. கணினிக் கல்வி என்றால் ஒரு கம்பெனியின் சரக்கைப் பழகுவது என்றாயிற்று. அதை எதிர்த்து எழுந்தவர் யார்? கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கத்தினர்! கணினியையா எதிர்த்தார்கள்? இல்லை, அரசுப் பள்ளி ஒரு கம்பெனிக்கு வாடிக்கை பிடித்துக் கொடுப்பதை எதிர்த்தார்கள்.

இதிலே என்ன தவறு என்று கேட்போருக்குச் சொல்கிறோம். ஆலைத் தொழிலாளியிடம் ஒரு தறியைக் கொடுத்து, "ஓட்டலாம், திறந்து பார்க்கக் கூடாது, பழுது பார்க்கக் கூடாது, பக்கத்துத் தறிக்காரனுக்குச் சொல்லித் தரவும் கூடாது" என்றால் எப்படி இருக்கும்? பூட்டிய மென்பொருளின் நிலை அதுதான். காசு கொடுத்தும் கிடைப்பது அனுமதிதான், உடைமை அல்ல. பக்கத்துப் பள்ளிக்குப் படியெடுத்துக் கொடுத்தால் குற்றம்!

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சை வெளியிட்டார். இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற நான்கு உரிமைகளோடு வந்தது கட்டற்ற மென்பொருள். பூட்டும் இல்லை, சாவிக்குக் கூலியும் இல்லை.

கேரளம் அந்தப் பாதைக்குத் திரும்பியது. ஆசிரியர்களுக்குத் தயக்கம் இல்லாமலா இருந்தது? இருந்தது. புதிய திரை, புதிய பழக்கம்! ஆனால் பயிற்சி தர வந்தவர் கம்பெனி விற்பனையாளர் அல்லர். அதே பள்ளிகளில் பாடம் நடத்திய ஆசிரியர்கள். தங்கள் பாடத்துக்கு ஏற்றபடி இயங்குதளத்தையே மாற்றி அமைத்தார்கள். மலையாளத்தில் வேலை செய்யவும் வழி பிறந்தது. தனக்குரிய கருவி என்றதும் தயக்கம் கரைந்தது.

2017இல் அந்தத் திட்டமே 'கைட்' என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. 2018இல் 45,000 வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப அறைகளாக்கும் பணி தொடங்கியது. 2019இல் புதிய இயங்குதளம் வந்தபோது, 2 லட்சம் கணினிகளுக்கு உரிமக் கட்டணம் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது. மக்கள் பணம், தோழர்களே!

தமிழகத்திலோ? 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் இருந்தது. பாஸ் லினக்சும் இருந்தது. வாசல்கள் இரண்டு! ஆனால் இரண்டாவது வாசலைத் திறக்க ஆசிரியருக்கு யாரும் கற்றுத் தராவிட்டால், மாணவன் எந்த வாசலில் நுழைவான்? கருவியைக் கொடுத்தால் மட்டும் போதுமா?

அது மட்டுமா? வருகை, நலத்திட்டம், மதிப்பெண் என்று எல்லாவற்றையும் கணினியில் ஏற்றும் வேலை பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டது நாடறிந்த செய்தி. குமாஸ்தா வேலையாகவே கணினியைச் சந்தித்தவருக்கு அதன்மேல் காதலா பிறக்கும்?

"வேலைக்குப் போகும் பிள்ளைக்கு விண்டோஸ்தானே வேண்டும்?" என்பார்கள். ஓர் உளியில் தச்சு கற்றவன் வேறோர் உளியைக் கண்டு ஓடுவானா? கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் நிரல் எழுதவும் கற்றவனுக்குத் திரை மாறினால் சில நாள் பழக்கம் போதும்.

ஆகவே நாம் கேட்பது இவை: ஆசிரியருக்கு ஆசிரியரே தரும் பயிற்சி, அதற்குரிய ஊதியத்தோடு கூடிய நேரம், பழுது பார்க்க ஆள், பதிவேட்டுச் சுமையிலிருந்து விடுதலை, தமிழில் இயங்கும், திறந்து பார்க்கத்தக்க மென்பொருள்.

ஆசிரியரைக் குறை கூறுவது எளிது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திற்குச் செல்லும் தொழிலாளத் தோழர்களே, அங்கே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: நம் பிள்ளையின் கணினிக்குச் சாவி யார் கையில்? ஆசிரியர் கையிலா, கம்பெனியின் கையிலா?