வீட்டுக்கடன் தவணை தவறினால்: ஏலத்துக்கு முன் உள்ள வழிகள்

போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையிலுள்ள குமணன்சாவடி போன்ற புறநகர்களில், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றின் வீடு வங்கிக் கடனில்தான் எழுகிறது. மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் அக்கடனின் தவணை வேலையிழப்பாலோ நோயாலோ நின்றுபோனால், உரிமையியல் வழக்கு எதுவும் தொடராமலேயே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடுவதற்கு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிக்கு அதிகாரம் அளிக்கிறது. கடனாளிக்கும் அச்சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. ஆனால் அவை ஒவ்வொன்றும் காலக்கெடுவுக்கு உட்பட்டவை.

நிலுவை 90 நாட்களைக் கடந்தால் கணக்கு ‘வாராக் கடன்’ என வகைப்படுத்தப்படும். அதற்குப் பின் ஓரிரு தவணைகளைக் கட்டுவதால் பயனில்லை. நிலுவை முழுவதையும் செலுத்தினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே, வருமானம் குறைந்ததற்கான சான்றுகளை இணைத்து, தவணைக் காலத்தை நீட்டிக்கவோ சில மாதங்களுக்குத் தவணையைக் குறைக்கவோ கோரும் விண்ணப்பத்தை இந்த 90 நாட்களுக்குள் கிளை மேலாளரிடம் எழுத்துமூலம் அளித்து, ஒப்புகை பெற்றுக்கொள்வதே முதற்படியாகும். கடன் மறுசீரமைப்பு எனப்படும் இச்சலுகையை வங்கி வழங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2020இல் கொரோனாக் காலத்துக்கென ரிசர்வ் வங்கி அறிவித்த சிறப்புத் திட்டமும் முடிந்துவிட்டது.

மறுசீரமைப்புக்கு விலையும் உண்டு. 9 சதவீத வட்டியில் 25 லட்சம் ரூபாய்க் கடனை 20 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 22,500 ரூபாய். அதையே தொடக்கத்திலிருந்து 30 ஆண்டுகளாக்கினால் தவணை சுமார் 20,100 ரூபாயாகக் குறையும், ஆனால் மொத்த வட்டி ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய் கூடும். எனவே, நெருக்கடி தற்காலிகமானதாக இருந்தால் மட்டுமே இந்நீட்டிப்பு பொருந்தும். வருமானம் மீள வாய்ப்பில்லாதபோது, வங்கியின் ஒப்புதலுடன் வீட்டைத் தாமே சந்தை விலைக்கு விற்றுக் கடனை அடைப்பது ஏலத்தைவிட நல்லது.

வாராக் கடனான பின், 60 நாட்களுக்குள் முழுத் தொகையையும் செலுத்தக் கோரும் அறிவிப்பை வங்கி அனுப்பும். அதற்குக் கடனாளி எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தால், 15 நாட்களுக்குள் காரணங்களுடன் பதிலளிக்க வங்கி கடமைப்பட்டுள்ளது. கெடு முடிந்ததும் வீட்டுச் சுவரில் அறிவிப்பை ஒட்டி நாளிதழ்களில் வெளியிடுவது பெயரளவிலான சுவாதீனம். குடியிருப்போரை வெளியேற்ற வேண்டுமானால், வங்கி மாவட்ட ஆட்சியரையோ தலைமைக் குற்றவியல் நடுவரையோ நாடவேண்டும். குமணன்சாவடிக்கு உரியவர் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்.

சுவாதீன நடவடிக்கையில் குறை இருப்பின், 45 நாட்களுக்குள் சென்னையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். முறையீடு செய்ததனாலேயே ஏலம் நின்றுவிடாது, தடையுத்தரவு தனியே பெறவேண்டும். முழுப் பாக்கியையும் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமை, 2016ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் வரையே நீடிக்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஏலத்தில் மிஞ்சும் பணம் உரிமையாளருக்கே சேரும். பற்றாக்குறை ஏற்பட்டால் அதையும் அவரிடமே வங்கி வசூலிக்கலாம்.

வங்கியின் சேவையில் குறை கண்டு அளித்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழக்கறிஞருக்குச் செலவிட இயலாதோர் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதால், மனைவியின் பெயரிலோ கூட்டாகவோ கடன் வாங்கிய குடும்பங்கள் இதை அறிந்திருப்பது அவசியம். முன்பணம் வாங்கிக்கொண்டு ஏலத்தை நிறுத்தித் தருவதாகக் கூறும் இடைத்தரகர்களை நம்பாமல், தவணை தவறும் என்று தெரிந்த மாதத்திலேயே வங்கிக்குக் கடிதம் எழுதுவதே கடனாளிகள் செய்யவேண்டியது.