குரூஸ் கன்ட்ரோலும் ஹெட்லைட்டும்: ஒரு 65 மீட்டர் கணக்கு

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாடி சென்னையிலிருந்து திருச்சிக்குக் கார்ல போய்க்கிட்டிருந்தோம். ராத்திரி பத்து மணி இருக்கும். பின் சீட்டுல மனைவியும் பையனும் தூக்கம். முன்னாடி என் பக்கத்துல மாமனார். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ரோடு காலியா இருந்ததால குரூஸ் கன்ட்ரோலை 100ல செட் பண்ணிட்டு, காலைத் தரையில் நீட்டி வைத்துக்கொண்டு ஜாலியா ஓட்டிக்கிட்டிருந்தேன். எதிர்ப் பக்கம் வண்டிகள் வந்துக்கிட்டே இருந்ததால லோ பீம்தான்.

உளுந்தூர்பேட்டை தாண்டி கொஞ்ச தூரத்துல, இடது லேன்ல கரும்பு ஏத்தின டிராக்டர் டிரெய்லர் ஒண்ணு டயர் பஞ்சராகி நின்னுக்கிட்டிருந்தது. டெயில் லைட் கிடையாது, ரிஃப்ளெக்டர் கிடையாது. கரும்புச் சோகை மட்டும் பின்னாடி தொங்கிக்கிட்டிருந்தது. அது என் கண்ணுல பட்டதுக்கும் நான் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடிச்சதுக்கும் நடுவுல பிரேக்கை மிதிக்கக்கூட நேரம் இல்லை. வலது லேன்ல வண்டி எதுவும் இல்லாததால இன்னைக்கு இந்தக் கட்டுரையை எழுதிக்கிட்டிருக்கேன்.

மாமனார் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் மெதுவா சொன்னார்: "மாப்ள, வேகத்தை மிஷின் பாத்துக்குது, சரி. லைட்டு எவ்வளவு தூரம் காட்டுதோ, அதுக்குள்ள வண்டி நிக்கணும். அதை நீங்கதானே பாக்கணும்?"

அனுபவத்தில் சொன்ன வார்த்தை. ஆனா எனக்கு எதையும் எண்ணாகப் பார்த்தால்தான் மனசு ஆறும். திருச்சி போய்ச் சேர்ந்ததும் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதுதான் இந்தக் குறிப்பு.

முதலில், லோ பீம் எவ்வளவு தூரம் காட்டும்?

லோ பீமைச் சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு தெளிவாகத் தெரியும். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கக்கூடாது என்பதற்காக அந்தக் கோட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்துத்தான் செட் பண்ணியிருப்பாங்க. வழக்கமான சாய்வு 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதாவது 100 மீட்டர் முன்னாடி போனா வெளிச்சக் கோடு 1 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். பானெட்டைத் திறந்து பார்த்தால் பல கார்களில் ஹெட்லைட் பக்கத்திலேயே இந்த சதவீதம் அச்சாகி இருக்கும்.

என் காரில் ஹெட்லைட் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 1 சதவீதச் சாய்வில் 65 செ.மீ. இறங்க வேண்டுமென்றால் 65 மீட்டர் போகணும். ஆக, நேர் எதிரே என் வெளிச்சக் கோடு ரோட்டைத் தொடும் இடம் 65 மீட்டர். இடது ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் தூரம் தெரியும். இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான ஹெட்லைட்டில் அந்தக் கோடு இடது ஓரமா மேலே ஏறுகிற மாதிரி வடிவமைத்திருப்பார்கள். மற்றபடி, லைட் இல்லாமல் நிற்கிற ஒரு வண்டியை 65 மீட்டருக்கு முன்னாடியே பார்த்துவிடுவோம் என்று நம்பி ஓட்ட முடியாது.

இப்போ வேகத்துக்கு வருவோம். மணிக்கு 100 கி.மீ. என்றால் ஒரு விநாடிக்கு 27.8 மீட்டர். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். அதுக்குள்ளேயே 42 மீட்டர் போயாச்சு. மீதி 23 மீட்டர். காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு முழு பிரேக் பிடித்தால் ஒரு விநாடிக்கு 7 மீட்டர்/விநாடி அளவுக்கு வேகம் குறையும் என்று எடுத்துக்கொண்டால், 100லிருந்து நிற்க 55 மீட்டர் வேணும். நம்மகிட்ட இருப்பது 23 தான். மோதும்போது வேகம் மணிக்கு 76 கி.மீ.!

இது கால் ஆக்ஸிலரேட்டர் மேல இருந்தா. குரூஸ்ல போகும்போது என்னை மாதிரி காலைத் தரையில் நீட்டி வைத்திருந்தால், காலைத் தூக்கிப் பெடலுக்குக் கொண்டுவர இன்னொரு அரை விநாடி. அரை விநாடி என்பது 14 மீட்டர். அப்போ பிரேக் பிடிக்கக் கிடைப்பது 10 மீட்டர்கூட இல்லை. மோதும் வேகம் 91 கி.மீ. பிரேக் பிடித்ததும் பிடிக்காததும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அப்படின்னா அந்த 65 மீட்டருக்குள்ள நிற்கக்கூடிய வேகம் எவ்வளவு? அதே ஒன்றரை விநாடி, அதே பிரேக் என்றால் மணிக்கு 77 கி.மீ. ஈர ரோட்டில் பிரேக் பிடிமானம் குறையும். 7க்குப் பதில் 4 என்று போட்டால் 63 கி.மீ. மாமனார் சொன்ன ஒரு வரியின் எண் வடிவம் இவ்வளவுதான். ராத்திரியில் லோ பீமோடு குரூஸை 100ல வைப்பது என்றால், வெளிச்சத்தைத் தாண்டி ஓட்டுகிறோம் என்று அர்த்தம்.

குரூஸ் கன்ட்ரோலுக்கு உண்மையில் என்ன தெரியும்?

நாங்கள் சாஃப்ட்வேரில் தினமும் பார்க்கிற விஷயம்தான். நீங்க 100 என்று செட் பண்றீங்க. சென்சார் 97 என்று சொல்லுது. வித்தியாசம் 3. அதற்கேற்ப த்ராட்டில் கொஞ்சம் திறக்கும். மேட்டில் ஏறும்போது அந்த வித்தியாசம் குறையாமல் அப்படியே நின்றால், அதையும் சேர்த்துக் கூட்டி இன்னும் கொஞ்சம் திறக்கும். வேகம் கூடினால் மூடும். அவ்வளவுதான். இந்தக் கணக்கில் உள்ளே போகிற தகவல் ஒன்றே ஒன்று: வேகம். ரோடு, மழை, இருட்டு, கரும்பு டிராக்டர் எதுவும் இதில் வரவே வராது.

இதைக் கண்டுபிடித்தவர் கதையும் சுவாரசியமானது. ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்க இன்ஜினியர். ஐந்து வயதில் நடந்த ஒரு விபத்தில் இரண்டு கண்ணிலும் பார்வை போனவர். அதற்கப்புறம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, 1936ல் அமெரிக்க ஆட்டோமொபைல் இன்ஜினியர்கள் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். அவருடைய வக்கீல் நண்பர் கார் ஓட்டும்போது பேசினால் வேகம் குறையும், கேட்டுக்கொண்டிருந்தால் கூடும். அந்தக் குலுக்கல் தாங்காமல்தான் டீட்டர் இந்த யோசனைக்கு வந்தார் என்பார்கள். 1950ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958ல் கிரைஸ்லர் கார்களில் இது வந்தது. விற்பனைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஆட்டோ பைலட்'.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. டீட்டரின் காப்புரிமை, ஆக்ஸிலரேட்டரை எதிர்த்துத் தள்ளும் ஒரு கருவிக்கானது. நீங்க செட் பண்ணின வேகம் வந்ததும் பெடல் உங்க காலைத் திருப்பித் தள்ளும். 'போதும்ப்பா' என்று சொல்கிற மாதிரி. அதாவது கால் பெடல் மேலேயே இருக்கணும். வேகத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி பிறகுதான் சேர்ந்தது. நாம காலை எடுத்துத் தரையில் நீட்ட ஆரம்பித்தது அதுக்கப்புறம்தான்.

"என் காரில் இருப்பது ரேடார் வைத்த அடாப்டிவ் குரூஸ், முன்னாடி வண்டி இருந்தா அதுவே பிரேக் போடும்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போவதற்கு அது நல்ல கருவி. ஆனால் நிற்கிற வண்டி விஷயத்தில் நம்பக்கூடாது. ஏன்னா ரேடாருக்குப் பாலம், போர்டு, மீடியன் கம்பி எல்லாமே நிற்கிற பொருள்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஓட்டவே முடியாது. அதனால் பல சிஸ்டங்கள், வேகமாகப் போகும்போது, முதலிலிருந்தே அசையாமல் நிற்கிற பொருட்களைப் பெரும்பாலும் கணக்கிலிருந்து தள்ளிவிடும். உங்க காரின் மேனுவலை எடுத்துப் பாருங்க, நிற்கும் வாகனங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை அநேகமாக இருக்கும். முன்னாடி போன கார் சட்டென்று லேன் மாறி, அதுக்கு முன்னாடி நிற்கிற லாரி வெளிப்படுகிற தருணம்தான் ரொம்ப ஆபத்து.

திரும்பி வரும்போது கிடைத்த இன்னொரு பாடம்

பொங்கல் முடிந்து சென்னை திரும்பும்போது டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி, தேங்காய், கரும்புக் கட்டு. பின் சீட்டில் மூணு பேர். இந்த முறை ஒழுங்கா 75ல் லோ பீமில் வந்தேன். ஆனா எதிரே வருகிறவர்கள் எல்லாரும் எனக்கு டிம் அடித்துக் காட்டினார்கள். நான் லோ பீமில்தானே இருக்கேன், இவங்களுக்கு என்ன பிரச்சினை என்று எரிச்சலாக வந்தது. தப்பு என்மேலதான்.

என் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். லோ பீம் சாய்வு 1 சதவீதம். இரண்டரை மீட்டரில் 1 சதவீதம் என்றால் 2.5 செ.மீ. அப்போ பாரத்தில் காரின் பின்பக்கம் வெறும் 2.5 செ.மீ. இறங்கினாலே அந்தச் சாய்வு முழுக்கக் காணாமல் போகும். லோ பீம் கீழே இறங்காமல் நேராகப் போகும். ஒரு மூட்டை அரிசியும் மூணு பேரும் உட்கார்ந்தால் அதற்கு மேலேயே இறங்கும்.

இதுக்காகத்தான் பல கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்ன சக்கரம் இருக்கும். ஆறு வருஷமா கார் வைத்திருக்கேன், அதைத் தொட்டதே இல்லை. டிரைவர் மட்டும் போனால் 0. பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டணும், வெளிச்சம் கீழே இறங்கும். எந்தப் பாரத்துக்கு எந்த எண் என்று மேனுவலில் பட்டியல் இருக்கும்.

இதோட சேர்த்து, லைட் விஷயத்தில் நான் தப்பாகச் செய்துகொண்டிருந்த வேறு சிலவும்:

பகலில் தானாக எரியும் டி.ஆர்.எல். விளக்கை ஹெட்லைட் என்று நினைத்திருந்தேன். பல கார்களில் அது முன்னாடி மட்டும்தான் எரியும். மழையில், மூடுபனியில் பின்னால் வருகிறவருக்கு உங்க டெயில் லைட் தெரியாது. ஆட்டோ மோடில் விட்டாலும், பகல் வெளிச்சம் இருந்தால் சென்சார் ஹெட்லைட்டைப் போடாமல் இருக்கலாம். கையால் லோ பீம் போடுவதுதான் சரி.

மழையில் ஹசார்ட் லைட் போட்டுக்கொண்டு ஓட்டுவது. நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும்போது நீங்க எந்தப் பக்கம் திரும்பப் போறீங்க என்று யாருக்கும் தெரியாது. நிற்கிற வண்டியா, ஓடுகிற வண்டியா என்பதும் குழப்பம். ஹசார்ட், வண்டி நின்றுபோனால் போடுவதற்கு. சொல்லப்போனால் அந்த டிராக்டரில் இருந்திருக்க வேண்டியது அதுதான்.

ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பை மாட்டுவது. அந்த ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் இருக்கும் துல்லியமான இடத்துக்காக வடிவமைத்தது. ஒளி வேறு இடத்திலிருந்து வந்தால் கோடு கலைந்துவிடும். நமக்குப் பிரகாசமாகத் தோன்றும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு சின்ன சோதனை செய்து பாருங்க. சமதளமான இடத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்க. டயரில் காற்று சரியா இருக்கட்டும். ஹெட்லைட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு டேப் ஒட்டுங்க. லோ பீம் போட்டால் வெளிச்சக் கோடு டேப்புக்கு ஏறத்தாழ 5 செ.மீ. கீழே இருக்கணும். மேலே இருந்தால் எதிரே வருகிறவர் கண் கூசும். ரொம்பக் கீழே இருந்தால் உங்களுக்குத் தெரிகிற தூரம் குறையும். அதே இடத்தில் பின் சீட்டில் மூணு பேரை உட்கார வைத்து மறுபடி பாருங்க. கோடு ஏறுவது கண்ணால் தெரியும்.

குரூஸ் கன்ட்ரோலை நான் விட்டுவிடவில்லை. பகலில், காய்ந்த ரோட்டில், கூட்டம் இல்லாதபோது போடுகிறேன். காலைத் தரையில் நீட்டாமல் பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். மழை என்றால் ஆஃப். தேங்கிய தண்ணீரில் கார் இழுபடும்போது வேகம் குறையும், குரூஸ் அதை ஈடுகட்ட த்ராட்டிலைத் திறக்கும். வழுக்குகிற டயருக்கு அந்த நேரத்தில் தேவைப்படாதது அதுதான். ராத்திரியில் ஹை பீம் போட வாய்ப்பு இல்லாத ரோட்டில் 75க்கு மேல் செட் பண்ணுவதில்லை.

போன வாரம் மாமனாரிடம் இந்த 77 கணக்கைப் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ராத்திரி சர்வீஸ்ல நாங்க 70லதான் போவோம் மாப்ள" என்றார்.