ஹீட் வைத்தால் சரியாகுமா?

“அண்ணே, லேப்டாப்புல கோடு கோடா வருது. கடையில காமிச்சேன். கிராபிக்ஸ் சிப் போச்சு, ஹீட் வச்சுத் தர்றேன், மூவாயிரம் ஆகும்னு சொல்றாரு. குடுக்கலாமா?”

கம்பத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டது. வைகாசி முகூர்த்தங்களில் எடுத்ததெல்லாம் அந்த லேப்டாப்பில்தான் கிடக்கிறது. ஆல்பம் எப்போது வரும் என்று பெண் வீட்டார் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். தேனி, சின்னமனூர், போடி என்று எங்கே போனாலும் இதே கேள்வியை யாராவது கேட்கிறார்கள், பலர் பணத்தைக் கொடுத்துவிட்ட பிறகு கேட்கிறார்கள்.

கொடுக்க வேண்டாம். அதுதான் பதில். ஏன் என்று சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

முதலில், போனது சிப்தானா என்று பார்க்க வேண்டும். திரையில் கோடு விழுவதற்கு ஸ்கிரீன் காரணமாக இருக்கலாம், மூடியின் கீல் வழியாகப் போகும் கேபிள் நைந்திருக்கலாம், டிரைவர் கெட்டிருக்கலாம். மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு ஏற்பக் கோடு மாறினால் கேபிள் மேல்தான் சந்தேகம். அடுத்து, எச்டிஎம்ஐ வயரை வீட்டு டிவியில் செருகிப் பாருங்கள். லேப்டாப் திரையிலும் டிவியிலும் ஒரே மாதிரி கோடு வந்தால் ஸ்கிரீன் மேல் குற்றமில்லை. விண்டோஸ் வருவதற்கு முன்பே, கம்பெனி லோகோ தெரியும்போதே கோடு இருந்தால் டிரைவர் மேலும் குற்றமில்லை. டிஸ்பிளேயே வரவில்லை என்றால் ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் காலில் பென்சில் ரப்பரால் தேய்த்து, துடைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கே போக வேண்டும். “போர்டு போச்சு” என்று தீர்ப்பான எத்தனையோ லேப்டாப்கள் இந்த ஒரு வேலையில் எழுந்திருக்கின்றன.

“கரண்ட் ஏத்த இறக்கத்துல போயிருக்குமோண்ணே?” என்றார் தம்பி. நம் பக்கம் எது பழுதானாலும் முதலில் கரண்டைத்தான் சொல்வோம். ஆனால் அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எல்லைக்குள் வரும் ஏற்ற இறக்கத்தை அது தாங்கும். இடி விழுந்து போர்டு கருகுவது வேறு கதை. கிராபிக்ஸ் சிப் மட்டும் தனியாகச் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஹீட்சிங்க்கைக் கழற்றினால் நடுவில் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு கருப்புச் சதுரம் தெரியும். அது சிலிக்கான். கணக்குப் போடுவது அதுதான். அதன் கீழே பச்சை நிற அடித்தட்டு ஒன்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நூற்றுக்கணக்கான ஈயப் பொட்டுகள். அந்த அடித்தட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரிகிற அளவில் இன்னொரு வரிசை ஈய உருண்டைகள். ஆக இரண்டு அடுக்கு பற்றவைப்பு. மேல் அடுக்கு சிப் தயாராகும்போதே உள்ளே வைத்து மூடப்படுவது. கீழ் அடுக்கு லேப்டாப் செய்யும் தொழிற்சாலையில் போர்டில் பற்றவைக்கப்படுவது. ரிப்பேர் கடைக்காரரின் கை எட்டுவது கீழ் அடுக்குக்கு மட்டும்தான்.

லேப்டாப்பை ஆன் செய்து எடிட்டிங் ஓட்டினால் சிப் 80, 90 டிகிரிக்குப் போகும். அணைத்தால் ஆறும். சிலிக்கான் சூட்டுக்கு மிகக் கொஞ்சமாக விரியும், அடித்தட்டோ அதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு விரியும். நடுவில் மாட்டிக்கொண்ட ஈயப் பொட்டுகள் ஒவ்வொரு முறையும் இழுபடும், தளரும். திராட்சைப் பந்தலுக்குக் கம்பி கட்டுபவர் கையில் கட்டர் இல்லாவிட்டால் கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பாரே, அதேதான் இது. முதல் வளைவில் ஒன்றும் ஆகாது, ஆனால் எண்ணிக்கை சேரச் சேர விரிசல் விடும். இப்படி ஆகாமலிருக்கத்தான் பொட்டுகளைச் சுற்றி ஒரு பிசினை ஊற்றி இறுக்குகிறார்கள். இழுவையின் பெரும்பங்கை அந்தப் பிசின் தாங்க வேண்டும். ஈயக் கலவையும் பிசினும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் சிப் பத்து வருடம் உழைக்கும். பொருந்தாவிட்டால் இரண்டாம் வருடத்திலேயே கோடு விழும்.

அப்படிப் பொருந்தாமல் போன பெரிய சம்பவம் ஒன்று உண்டு. 2008 ஜூலை 2 அன்று என்விடியா நிறுவனம் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்திடம் ஓர் அறிக்கை கொடுத்தது. தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்கள் சிலவற்றில் சிலிக்கானையும் அடித்தட்டையும் பொதியும் பொருள்கள் பலவீனமாக இருப்பதாகவும், அவை வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாவதாகவும், அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாகவும் அதில் சொன்னது. மறுநாள் அதன் பங்கு விலை ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது. ஜிஃபோர்ஸ் 8400எம், 8600எம் என்ற பெயர்கள் அன்றைக்குச் சர்வீஸ் கடைக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வகைச் சிப்கள் டெல்லின் லாட்டிட்யூட் டி630, எக்ஸ்பிஎஸ் எம்1330, எச்பியின் டிவி2000, டிவி6000, டிவி9000, ஆப்பிளின் மேக்புக் ப்ரோ என்று பல லேப்டாப்களில் உட்கார்ந்திருந்தன.

கம்பெனிகள் நடந்துகொண்ட விதத்தை நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். டெல் முதலில் ஒரு பயாஸ் அப்டேட் கொடுத்தது. அதன் வேலை ஃபேனைச் சீக்கிரமே சுழலவிடுவது. சிப்பில் உள்ள குறை அப்படியே இருக்கும், சாகும் நாள் கொஞ்சம் தள்ளிப்போகும். வாரண்டி முடியும்வரை ஓட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பிறகுதான் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டியை 12 மாதம் நீட்டினார்கள். ஆப்பிள், தன் கணினிகளுக்கு இந்தப் பாதிப்பு இல்லை என்று என்விடியா முதலில் உறுதி சொன்னதாகவும், தானே ஆராய்ந்து பார்த்தபோது உண்மை வேறாக இருந்ததாகவும் 2008 அக்டோபரில் அறிவித்தது. வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் இலவச ரிப்பேர் என்றது, பின்னால் அதை நான்கு வருடமாக நீட்டியது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டு, 2010 இறுதியில் சமரசமும் பெற்றார்கள். அதில் டெல், ஆப்பிள் வைத்திருந்தவர்களுக்குச் சிப் மாற்றித் தரப்பட்டது. எச்பி வைத்திருந்தவர்களுக்கு ஒரு விலை குறைந்த காம்பேக் லேப்டாப் கிடைத்தது. அந்தச் சமரசம் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு மட்டும். இந்தியாவில் அதே மாடலை வாங்கியவருக்கு அதில் பங்கில்லை.

அதோடு முடியவும் இல்லை. 2011-இல் வந்த பெரிய மேக்புக் ப்ரோக்களில் ஏஎம்டி கிராபிக்ஸ் சிப் பழுதாகி, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் மறுபடியும் இலவச ரிப்பேர் திட்டம் அறிவித்தது. லேப்டாப்பை விடுங்கள், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து சாகும் நோய்க்காக 2007-இல் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். அங்கேயும் காரணம், சூடாகி ஆறி, சூடாகி ஆறி இணைப்புகள் விட்டுப்போனதுதான். மக்கள் அந்தப் பெட்டியைத் துண்டால் இறுகச் சுற்றி வேண்டுமென்றே சூடேற்றுவார்கள். பெட்டி எழும், சில நாளில் மறுபடி சாகும்.

கடைக்காரர் வைக்கும் ஹீட்டும் அந்தத் துண்டு வைத்தியம்தான். ஹாட் ஏர் கன்னில் 200 டிகிரிக்கு மேல் காட்டும்போது எல்லாம் விரிகிறது, விரிசல் விட்ட ஈயப் பொட்டின் இரு முகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. திரை பளிச்சென்று வந்துவிடும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. கண்ணெதிரே எழுந்த லேப்டாப்பை அவரும் நம்புகிறார். ஆனால் அந்தக் காலத்து என்விடியா சிப்களுக்குள் இருந்த ஈயம் அதிகமுள்ள பொட்டுகள் உருக 300 டிகிரிக்கு மேல் வேண்டும். கடையின் சூடு அவற்றை உருக்கவில்லை. உருகாத விரிசல் ஒட்டியிருக்கவும் முடியாது, தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மறுபடி நாலு நாள் எடிட்டிங் ஓட்டினால் அதே இடத்தில் விடும்.

ஹீட் வைத்து லேப்டாப் எழுந்தால் அதிலிருந்து தெரிய வருவது ஒன்றுதான்: கோளாறு சிப்பிலோ அதன் பற்றவைப்பிலோ இருக்கிறது. மூவாயிரம் ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைத்தது அந்தத் தகவல், ரிப்பேர் இல்லை.

“அப்ப ரீபாலிங்?” என்று கேட்டார் தம்பி. சிப்பைக் கழற்றி, கீழ் அடுக்கு உருண்டைகளை வழித்துவிட்டு, புதிய உருண்டைகள் பதித்து மறுபடி பற்றவைப்பது ரீபாலிங். லேப்டாப் கீழே விழுந்தோ போர்டு வளைந்தோ கீழ் அடுக்கு விட்டிருந்தால் இது உண்மையான வைத்தியம். செய்பவரின் கைத்திறமையும் பெரிது. மேல் அடுக்கு விட்டிருந்தால் ரீபாலிங் செய்யும்போது பட்ட சூட்டில் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவே.

மேல் அடுக்கு போனதற்கு ஒரே வழி சிப்பை மாற்றுவது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுசு என்று வருவதில் பல, பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்கள். என்விடியா சிப்பின் முகத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம். 0735 என்றால் 2007-ஆம் வருடம் 35-ஆவது வாரம். கோளாறு தெரிந்த காலத்துச் சிப்பைக் கழற்றிவிட்டு அதே காலத்துச் சிப்பை வைத்தால் என்ன பயன்? போடுவதற்கு முன் சிப்பைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் லென்ஸோடு காட்டுவார்.

பணமே செலவழிக்காத வழி ஒன்றும் இருக்கிறது, தம்பிக்கு அதுதான் உதவியது. இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் பிராசசருக்குள்ளேயே ஒரு கிராபிக்ஸ் உண்டு, தனிச் சிப் அதற்கு மேல் கூடுதல். டிவைஸ் மேனேஜரில் தனிச் சிப்பின் பெயரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 43 என்றும் வந்தால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுத்துப் பாருங்கள். பல லேப்டாப்கள் உள்ளிருக்கும் கிராபிக்ஸில் ஓடும். எடிட்டிங் மெதுவாகும், ஆனால் வேலை நடக்கும். முதல் காரியமாக முகூர்த்த வீடியோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றச் சொன்னேன். சிப் போனால் மாற்றலாம், கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது.

இனி, யார் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி. வாரண்டி இருந்தால் பேச்சே இல்லை, சர்வீஸ் சென்டர்தான், திருப்புளியைத் தொடாதீர்கள். வாரண்டி முடிந்து கொஞ்ச நாளிலேயே போனாலும் உடனே கையை விரிக்க வேண்டாம். கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு நீட்டிக்கப்பட்ட ரிப்பேர் திட்டம் இருக்கிறதா என்று சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்கள். மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். போனில் பேசினால் பின்னால் சாட்சி இருக்காது.

அவர்கள் மறுத்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2020 ஜூலை முதல் நடைமுறையில். நம் பக்கத்துக்கு அதில் பெரிய வசதி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது. கம்பெனி பெங்களூரில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இணையத்திலேயே புகார் பதியலாம், வழி தெரியாவிட்டால் 1915 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும். குறையைச் சரிசெய், மாற்றித் தா, பணத்தைத் திருப்பு என்று உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

தொழில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழில் செய்து பிழைக்க, தானே பயன்படுத்த வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. தம்பி போன்றவர்கள் அதைப் புகாரிலேயே தெளிவாக எழுத வேண்டும்.

பொருளில் உள்ள குறையைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஹீட் வைக்க வேண்டாம் என்று நான் இத்தனை பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சூடு பட்டு, ஃப்ளக்ஸ் கசிந்து, பக்கத்து உதிரி நகர்ந்துபோன போர்டைக் காட்டினால், வெளியாள் கை வைத்ததால்தான் போச்சு என்று கம்பெனி ஒரே வரியில் தப்பித்துவிடும்.

ஆகவே கோடு விழுந்த அன்றே திரையைப் போனில் வீடியோ எடுங்கள், தேதி தெரியட்டும். பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். கம்பெனியின் பதில் எழுத்தில் வரும்வரை போர்டை யாரும் தொட வேண்டாம். அதற்குப் பிறகும் கடையில்தான் கொடுப்பது என்று முடிவானால், ஹீட்டா, ரீபாலிங்கா, சிப் மாற்றமா, எத்தனை மாதம் கேரண்டி என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.