தி இமேஜினரி (திரைப்படம்)

தி இமேஜினரி 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஜப்பானிய அசைவூட்டத் திரைப்படம். ஒரு சிறுமியின் கற்பனையில் பிறந்த ரட்ஜர் என்னும் சிறுவனின் கதையை அவனுடைய பார்வையில் சொல்கிறது. ஸ்டுடியோ போனோக் நிறுவனம் தயாரித்த இப்படத்தை யோஷியுகி மோமோசே இயக்கினார். ஏ. எஃப். ஹாரல்டு எழுதி, எமிலி கிராவெட் ஓவியம் வரைந்து, 2014-இல் வெளியான ஆங்கிலச் சிறுவர் நாவலைத் தழுவியது.

கதைச்சுருக்கம்

அமாண்டா தன் தாய் லிசியுடன் ஒரு புத்தகக் கடையின் மேல்தளத்தில் வாழ்கிறாள். தந்தையை இழந்த அவளுக்குத் துணையாகத் தோன்றியவன் ரட்ஜர். அவன் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். வீட்டின் மச்சு அறையிலிருந்து இருவரும் நாள்தோறும் கற்பனை உலகங்களுக்குப் பயணம் போகிறார்கள்.

கற்பனைத் தோழர்களை விழுங்கித் தன் ஆயுளை நீட்டித்துக்கொள்ளும் பண்டிங் என்பவன் ரட்ஜரைத் தேடி வருகிறான். அவனிடமிருந்து தப்பி ஓடும்போது அமாண்டா கார் மோதி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள். அவளைப் பிரிந்த ரட்ஜர் சிறிது சிறிதாக மறையத் தொடங்குகிறான். ஜின்சான் என்ற பூனை அவனை ஒரு நூலகத்துக்கு அழைத்துச் செல்கிறது. பிள்ளைகளால் மறக்கப்பட்ட கற்பனைத் தோழர்கள் அங்கே ஒன்றாக வாழ்கிறார்கள். அமாண்டாவிடம் திரும்ப ரட்ஜர் எடுக்கும் முயற்சிகளே படத்தின் பிற்பகுதி.

கருப்பொருள்

நினைக்கப்படும் வரையில்தான் கற்பனைத் தோழனுக்கு உயிர் உண்டு என்பது இக்கதையின் அடிப்படை விதி. நூலகத்தில் வாழ்பவர்கள் தங்களை மறந்த பிள்ளைகளை வெறுப்பதில்லை. குழுவாகச் சேர்ந்து வேறு குழந்தைகளின் கற்பனை விளையாட்டுகளில் வேடமேற்று உதவுகிறார்கள். புதியவனான ரட்ஜருக்கு எமிலி என்னும் சிறுமி இந்த வேலையைக் கற்றுத் தருகிறாள். பிறரை விழுங்கித் தான் மட்டும் வாழும் பண்டிங் இவர்களுக்கு நேர் எதிரானவன்.

நன்றியுணர்வைப் படம் லிசியின் வழியாகக் காட்டுகிறது. அவளுடைய சிறுவயதுக் கற்பனைத் தோழன் ரெஃப்ரிஜிரேட்டர் என்ற நாய். வளர்ந்தபின் அவள் அதை மறந்துவிட்டாள். முதுமையடைந்த அந்த நாயோ நூலகத்தில் இருந்தபடி அவள் மகளின் தோழனுக்கு உதவுகிறது. லிசிக்கு அந்த நாய் நினைவுக்கு வந்த பிறகே ரட்ஜர் அவள் கண்ணுக்குத் தெரிகிறான். தனக்கு ஒருகாலத்தில் துணை நின்றவரை நினைவுகூர்வதால், மகளின் துயரத்தையும் அந்தத் தாயால் அறிய முடிகிறது.

உருவாக்கம்

ஸ்டுடியோ போனோக்கை 2015-இல் நிறுவிய யோஷியாகி நிஷிமுரா இப்படத்தைத் தயாரித்து, திரைக்கதையும் எழுதினார். அவரும் மோமோசேயும் முன்பு ஸ்டுடியோ ஜிப்லியில் பணியாற்றியவர்கள். கையால் வரையப்பட்ட உருவங்களுக்கு ஒளியும் நிழலும் சேர்க்க, பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் கணினித் தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டது.

வெளியீடு

ஜப்பானில் 2023 டிசம்பர் 15 அன்று திரையரங்குகளில் வெளியானது. 2024 ஜூலை 5 முதல் நெட்ஃபிளிக்ஸ் வழியாகப் பிற நாடுகளிலும் பார்க்கக் கிடைத்தது. விபத்து, மரணம் பற்றிய காட்சிகளும் பண்டிங்கின் அச்சமூட்டும் உருவமும் இருப்பதால், மிகச் சிறிய குழந்தைகள் பெரியவர்களுடன் சேர்ந்து பார்ப்பது நல்லது.