என் கணையத்துக்கு நானே ஆபரேட்டர்!



முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பில் நான் விழப் பார்த்தது நம் செட்டில் பலருக்கும் நினைவிருக்கும். இரும்புப் பிளேட்டை வைஸில் கட்டி அரம் போட்டுக்கொண்டிருந்தேன். மணி பதினொன்று இருக்கும். கை நடுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தால் ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது. "என்னப்பா, ராத்திரி தூங்கலையா?" என்று சார் கேட்டதற்கு நான் சம்பந்தமே இல்லாமல் சிரித்தேனாம். எனக்கு ஞாபகமில்லை. பக்கத்து வைஸில் நின்ற தாராபுரத்து நண்பன்தான் "மாப்ள, என்னடா ஆச்சு?" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தான். "சர்க்கரை... சர்க்கரை..." என்று நான் முனகியிருக்கிறேன். அவன் கேண்டீனுக்கு ஓடி, ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக் கொண்டுவந்தான். கால் மணி நேரத்தில் நான் பழைய ஆளாகிவிட்டேன்.

அன்று பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். வலிப்பு என்றனர் சிலர். வேறு 'சமாச்சாரம்' என்றனர் சிலர். தப்பு என்னுடையதுதான். எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பதை ஒருவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டபோது, சொல்லாமல் விட்டதை இங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதுவும் நம் இன்ஸ்ட்ருமென்டேஷன் பாஷையில் சொன்னால் மற்றவர்களைவிட நீங்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வீர்கள்.

பதினோரு வயதில் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் அம்மிச்சி வீட்டில் லீவுக்கு இருந்தேன். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பேன், ராத்திரியில் ஐந்தாறு தடவை எழுந்து போவேன், துணியெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. "என்ன கண்ணு, இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று அம்மிச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வாந்தியும் மூச்சிரைப்புமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. சாப்பிடாத நேரத்தில் 100-க்குள் இருக்க வேண்டியது!

"சின்ன வயசுல இனிப்பு நிறையத் தின்னானா?" என்று இன்றுவரை கேட்கிறார்கள். இல்லைங்க. பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் டைப் 2. அதில் இன்சுலின் சுரக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது அல்லது போதாது. எனக்கு வந்ததில், உடம்பின் பாதுகாப்புப் படையே ஆள் தெரியாமல் கணையத்தில் இன்சுலின் செய்யும் பீட்டா செல்களை அழித்துவிட்டது. சப்ளை நின்றுபோனது. மாத்திரையோ பத்தியமோ பாகற்காயோ அதைத் திரும்பக் கொண்டுவராது. வெளியிலிருந்து இன்சுலின் போட்டே ஆகவேண்டும். 1922 ஜனவரிக்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோனார்கள். அந்த மாதம் கனடாவின் டொரான்டோ நகரில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். முதல் மருந்தில் சுத்தம் போதாமல் சரிப்படவில்லை. சுத்திகரித்து மறுபடி போட்டபோது பையன் பிழைத்தான்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். நல்ல கணையம் என்பது ஒரு குளோஸ்டு லூப். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதுவே அளந்து, அதுவே தேவையான இன்சுலினை விடும். என் லூப் அறுந்துவிட்டது. அளப்பது ஸ்ட்ரிப், கணக்குப் போடுவது என் மண்டை, வால்வைத் திறப்பது ஊசி. அதாவது மேனுவல் கண்ட்ரோல். ஆபரேட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது!

இதில் பெரிய வில்லன், தாமதம். டெட் டைம் என்று படித்தோமே, அதேதான். நம் விடுதி சோலார் ஹீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பைப்பைத் திறந்ததும் பச்சைத் தண்ணீர்தான் வரும். வரவில்லையே என்று முழுசாகத் திறப்போம். திடீரென்று கொதிக்கக் கொதிக்க வந்து தோளைச் சுடும். தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல் மேலும் மேலும் திறந்ததுதான் தப்பு. சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று ஒரு ஊசி, இன்னும் இறங்கவில்லையே என்று இன்னொரு ஊசி என்று போட்டால், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது ஆள் கீழே.

ஃபிட்டிங் ஷாப்பில் நடந்ததும் தாமதக் கோளாறுதான். அப்போது நான் போட்டுக்கொண்டிருந்தது பழைய ரெகுலர் இன்சுலின். ஊசி போட்டு அரை மணி காத்திருந்துதான் சாப்பிட வேண்டும். அதன் உச்ச வேகம் 2 முதல் 4 மணி நேரத்துக்குள் வரும், ஏழெட்டு மணி நேரம்வரை வால் நீளும். அன்று காலை ஊசி போட்டாயிற்று. மெஸ்ஸில் கூட்டம். நாலு இட்லிக்குப் பதில் இரண்டை விழுங்கிவிட்டு பெல்லுக்கு ஓடினேன். அதற்கு மேல் இரண்டு மணி நேரம் அரம் போடுவது சும்மாவா? உழைக்கும் தசை சர்க்கரையைக் கூடுதலாக இழுக்கும். இன்சுலின் உச்சத்துக்கு வந்த நேரத்தில் வயிற்றில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் டாக்டர் என்னை வேகமான இன்சுலினுக்கு மாற்றினார். இதன் தத்துவம் அழகானது. சாதாரண இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கட்டிப்பிடித்து ஒரு கொத்தாக இருக்கும். தோலுக்கடியில் போட்டதும் அந்தக் கொத்து பிரிந்து ஒற்றை ஒற்றையானால்தான் இரத்தத்துக்குள் நுழைய முடியும். தாமதம் அங்கேதான். இன்சுலினில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள். அதில் பி சங்கிலியின் 28, 29-ஆம் இடங்களில் இருக்கும் இரண்டை மட்டும் இடம் மாற்றி வைத்தார்கள். பிடி தளர்ந்து கொத்து சுலபமாகப் பிரிந்தது. அதுதான் 1996-இல் வந்த லிஸ்ப்ரோ. பின்னாலேயே, 28-ஆம் இடத்தில் வேறு அமினோ அமிலத்தை வைத்து அஸ்பார்ட் வந்தது. கால் மணிக்குள் வேலையைத் தொடங்கி, ஒன்று இரண்டு மணியில் உச்சம் தொட்டு, நாலைந்து மணியில் அடங்கிவிடும். இதோடு நாள் முழுக்கச் சீராக ஓட நீண்ட நேர இன்சுலின் ஒன்று ராத்திரியில் தனியாக.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 40 யூனிட் அளவில் தேவை. 500-ஐ 40-ஆல் வகுத்தால் 12.5. அதாவது சுமார் 12 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். 1800-ஐ 40-ஆல் வகுத்தால் 45. ஒரு யூனிட் என் சர்க்கரையை 45 அளவு இறக்கும். நம் மெஸ் இட்லி ஒன்றை 12 கிராம் என்று வைத்திருக்கிறேன். நாலு இட்லிக்கு 4 யூனிட். அரிசிம்பருப்புச் சாதம் போட்டால் மட்டும் என் கணக்கு இன்றுவரை உதைக்கிறது! இதெல்லாம் ஆரம்ப மதிப்பீடுதான். ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர்தான் திருத்தித் தருவார்.

மூடியின் நிறம்

மருந்தை மாற்றிய அந்த வருஷப் பொங்கலில் ஒரு கண்டத்தைத் தாண்டினேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது இன்சுலின் போடுகிறவர் இருக்கலாம்.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. பழைய வகைக் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். புதிய வேக வகையில் மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. இரண்டிலும் கோடுகள் 'யூனிட்' என்றுதான் இருக்கும். ஸ்கேல் வேறு வேறு.

பேனாவை விடுதியில் மறந்துவிட்டு அம்மிச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். டவுனில் வேக இன்சுலின் குப்பி ஒன்று வாங்கினேன், 100 வகை. வீட்டு அலமாரியில் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சுகள் கிடந்தன. இருக்கிறதே என்று அதில் ஆறாவது கோடுவரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மூடியைத் திரும்பப் போடும்போதுதான் நிறம் கண்ணில் பட்டது. 40 ஸ்கேலில் ஆறு கோடு என்றால் 0.15 மில்லி. 100 செறிவில் அது 15 யூனிட்! கூடுதல் 9. என் கணக்குப்படி 9 பெருக்கல் 45, அதாவது 405 இறங்கும். என் சர்க்கரையே அப்போது 160-தான்.

டாக்டருக்குப் போன் போட்டேன். திட்டாமல், "பதறாதே, தூங்காதே, கால் மணிக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணு. இறங்கினா, வாந்தி வந்தா உடனே கிளம்பி வந்துடு" என்றார். 9 பெருக்கல் 12, நூறு கிராமுக்கு மேல் கூடுதலாக உள்ளே போகவேண்டும். குளுக்கோஸ் கரைத்துக் குடித்தேன். சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், அப்புறம் கரும்பு. அம்மிச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னொரு வாய் சாமி" என்று ராத்திரி ஒரு மணிவரை ஊட்டினார். அப்பா கார் சாவியைக் கையில் வைத்தபடி திண்ணையில். தின்னக்கூடாது என்று ஊரே சொன்ன இனிப்பை அழுதுகொண்டே தின்றவன் நானாகத்தான் இருப்பேன். 58-க்குக் கீழே போகவில்லை. மறுநாள் அந்தச் சிவப்பு மூடிகளையெல்லாம் அகற்றிவிட்டோம். இந்தத் தப்பு தலைகீழாகவும் நடக்கும். 40 மருந்தை 100 சிரிஞ்சில் இழுத்தால் 20 என்று நினைத்தது வெறும் 8. சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணம் புரியாது.

அம்மிச்சி கொடுத்தனுப்பிய மண்பானை என் விடுதி அறையில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈர மணல் நிரப்பி உள்ளே சின்னப் பானை. இன்சுலின் வெயிலில் கெடும், ஐஸாக உறைந்தாலும் கெடும். பிரிக்காததை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். அது வார்டன் வீட்டில் இருக்கிறது. பிரித்தது 30 டிகிரிக்குள் இருந்தால் நான்கு வாரம் தாங்கும். ஆவியாதலால் குளிர்ச்சி, தெர்மோ பாடம்தான்.

சென்சாரும் பம்பும்

போன வருஷம் இரண்டு வாரம் கையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை ஒட்டியிருந்தேனே, "என்னடா, பிளாஸ்திரியா?" என்று கேட்டீர்கள். அது குளுக்கோஸ் சென்சார். மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இருக்கும். அதில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. சர்க்கரையோடு அது வினைபுரியும்போது நானோ ஆம்பியர் அளவில் மின்னோட்டம் வரும். அதை அளந்து எண்ணாக்கிப் போனுக்கு அனுப்பும். இந்த நொதி மின்முனைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் லீலேண்ட் கிளார்க், 1962-இல். விரலைக் குத்தும் ஸ்ட்ரிப் ஒரு ஃபோட்டோ என்றால் இது சினிமா. 110 என்ற எண்ணோடு, ஏறுகிறதா இறங்குகிறதா என்ற அம்புக்குறியும் தெரியும். நடுராத்திரி மூன்று மணிக்கு என் சர்க்கரை சத்தமில்லாமல் இறங்குவதை இதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆனால் இது இரத்தத்தை அளப்பதில்லை, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை அளக்கிறது. அதனால் ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம் பின்தங்கும். மறுபடியும் தாமதம்! வேகமாக இறங்கும் நேரத்தில் உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறு சொன்னால், விரலைக் குத்திப் பார்ப்பேன்.

பம்பு என்றால் கோயம்புத்தூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா! ஆனால் இது நம் போர்வெல் மோட்டார் வம்சமில்லை. இம்பெல்லர் கிடையாது. சின்ன மோட்டார் ஒரு மரைத் தண்டைச் சுழற்ற, அது சிரிஞ்சின் பிஸ்டனை மயிரிழை மயிரிழையாகத் தள்ளும். 0.05 யூனிட் என்றால் அரை மைக்ரோலிட்டர், அந்த அளவுக்கு நுணுக்கம். 1960-களில் அமெரிக்காவில் செய்து பார்த்த முதல் மாடல் முதுகுப்பை அளவு இருந்தது. இன்றைக்கு இடுப்பில் செருகலாம். இதில் ஓடுவது வேக இன்சுலின் மட்டுமே. அதுதான் பலம், அதுவே ஆபத்து. குழாய் அடைத்துக்கொண்டால் உடம்பில் நீண்ட நேர இன்சுலின் கையிருப்பு கிடையாது. சில மணி நேரத்தில் இரத்தம் அமிலமாகத் தொடங்கும். ஆகவே பம்பு கட்டியவரும் பையில் பேனா வைத்திருக்கவேண்டும்.

சென்சாரையும் பம்பையும் இணைத்து லூப்பை மூடும் முதல் கருவிக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது. அதன் உள்ளே இருப்பது நாம் தேர்வுக்கு உருப்போட்ட பி.ஐ.டி. கண்ட்ரோல் குடும்பம்தான். ஆனாலும் சாப்பிடப் போகிறேன் என்று ஆள்தான் பட்டன் அழுத்திச் சொல்லவேண்டும். சாப்பாடு ஏற்றும் வேகத்தை, தோலுக்கடியில் போட்ட எந்த இன்சுலினும் இன்னும் பிடிக்கவில்லை. அந்தத் தாமதத்தைக் குறைப்பவர் நம் கல்லூரியிலிருந்தே வரட்டுமே!

விலைதான் இடிக்கிறது. பம்பு லட்சக்கணக்கில். சென்சார் இரண்டு வாரத்துக்கே சில ஆயிரம். நான் தேர்வுக் காலத்தில் மட்டும் ஒட்டிக்கொள்கிறேன். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம். நம் கோவையிலேயே 'இதயங்கள்' அறக்கட்டளை டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் தந்து உதவுகிறது. உங்கள் ஊரில் இளைத்துப்போய், தண்ணீராகக் குடிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

இனி என் விஷயம். நான் வியர்த்து, உளறி, காரணமில்லாமல் கோபப்பட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி கழித்துத் தேறவில்லையென்றால் இன்னொரு தடவை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். நினைவே இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குப் போன் போடுங்கள். சர்க்கரை நோயாச்சே என்று இன்சுலினை மட்டும் எடுத்துக் குத்திவிடாதீர்கள் சாமிகளா!

குளுக்கோஸ் டப்பா என் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது. ஃபிட்டிங் ஷாப்பில் சார் மேஜையின் இடது டிராயரில் இன்னொன்று. அதை அவராகவே வாங்கி வைத்திருக்கிறார்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இன்ஸ்ட்ருமென்டேஷன்