கீழ்ப்படிதலில் கனியும் மகிழ்ச்சி



மகிழ்ச்சியைத் தேடாத மனிதர் எவரும் இல்லை. புதுமனை புகும் நாளில் மகிழ்கிறோம். பிள்ளைக்கு வேலை கிடைத்த செய்தி வந்ததும் இனிப்பு வாங்கி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கிறோம். ஆனால் திருமணப் பந்தலைப் பிரிப்பதற்கு முன்பே கடன் கவலை வந்து நிற்கிறது. வந்த வேகத்திலேயே மகிழ்ச்சி வடிந்து போகிறது.

இது எல்லாருக்கும் உள்ள அனுபவம். நம்பிக்கை வாழ்வில் ஊன்றி நிற்போருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. "ஞாயிறு திருப்பலிக்குத் தவறுவதில்லை. வீட்டில் செபமாலை சொல்கிறோம். தவக்காலத்தில் ஒறுத்தல் செய்கிறோம். கட்டளைகளை மீறி நடக்கவில்லை. இருந்தும் மனம் ஏன் வறண்டு கிடக்கிறது?" பங்கில் வீடு சந்திக்கச் செல்லும்போது மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்வி இது. கீழ்ப்படிந்து வாழ்பவருக்கு மகிழ்ச்சி கிடைக்கும் என்பது உண்மையானால், கீழ்ப்படிந்தும் மகிழ்ச்சி இல்லையே, ஏன்? இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது.

இயேசு இணைத்த இரண்டு

யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இயேசு கீழ்ப்படிதலையும் மகிழ்ச்சியையும் அடுத்தடுத்த வசனங்களில் வைக்கிறார். தாம் தந்தையின் கட்டளைகளைக் கடைப்பிடித்து அவரது அன்பில் நிலைத்திருப்பது போல, சீடரும் தம் கட்டளைகளைக் கடைப்பிடித்துத் தம் அன்பில் நிலைத்திருக்க வேண்டும் என்கிறார். உடனே, தம்முடைய மகிழ்ச்சி அவர்களுக்குள் இருக்க வேண்டும், அது நிறைவு பெற வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னதாகவும் விளக்குகிறார் (யோவா 15:10-11).

இதை அவர் எப்போது சொன்னார்? தம் பாடுகளுக்கு முந்தின இரவில், இறுதி இராவுணவின்போது. காட்டிக்கொடுப்பவர் வெளியே போயாயிற்று. சிலுவை சில மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அந்த வேளையில் அவர் "என் மகிழ்ச்சி" என்று பேசுகிறார் என்றால், அது சூழ்நிலை தரும் மகிழ்ச்சி அல்ல. தந்தையோடு உள்ள உறவிலிருந்து வரும் மகிழ்ச்சி. சூழ்நிலை மாறினாலும் உறவு மாறுவதில்லை. ஆகவே அம்மகிழ்ச்சியும் நிலைத்திருக்கிறது.

ஆயினும் அதே இரவில் கெத்சமனியில் அவர் கலங்கினார். துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று மன்றாடினார். பின்பு தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார் (மாற் 14:36). கீழ்ப்படிபவர் அழக்கூடாது என்று நற்செய்தி சொல்லவில்லை. கண்ணீரோடும் கீழ்ப்படியலாம். மகிழ்ச்சி என்பது எப்போதும் முகத்தில் சிரிப்போடு இருப்பது அன்று.

கேட்பதே கீழ்ப்படிதல்

கீழ்ப்படிதல் என்றதும் அதிகாரிக்கு முன் கைகட்டி நிற்கும் காட்சி நம் மனதில் வரலாம். விவிலியம் காட்டும் பொருள் வேறு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியிலும், திருச்சபையின் இலத்தீன் மொழியிலும் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொற்கள் "கேட்டல்" என்னும் வேரிலிருந்து பிறந்தவை. இஸ்ரயேல் மக்கள் நாள்தோறும் சொல்லிவந்த நம்பிக்கை அறிக்கையும் "கேள்" என்ற அழைப்போடுதான் தொடங்குகிறது (இச 6:4). நம் தமிழும் இதை அறியும். "சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை" என்று நாம் யாரைச் சொல்கிறோம்? காது நன்றாக உள்ள பிள்ளையை அல்ல, கீழ்ப்படிகிற பிள்ளையை.

கேட்பதற்கு ஒருவரோடு நெருக்கம் வேண்டும். அன்னை மரியா வானதூதரின் வாழ்த்தைக் கேட்டார், கலங்கினார், இது எப்படி நிகழும் என்று கேள்வியும் கேட்டார், அதன் பின்பே தம்மைக் கையளித்தார் (லூக் 1:26-38). கேள்வி கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. அப்படிக் கையளித்தவர் அடுத்து என்ன செய்தார்? யூதேய மலைநாட்டுக்கு விரைந்து போனார். அங்கே எலிசபெத்தின் வயிற்றிலிருந்த குழந்தை மகிழ்ச்சியால் துள்ளியது. மரியாவின் உள்ளமும் கடவுளில் பேருவகை கொண்டது. கேட்டதிலிருந்து பிறந்த மகிழ்ச்சி இன்னொரு வீட்டையும் நிரப்பியது.

வீட்டைவிட்டுப் போகாத மூத்த மகன்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். லூக்கா நற்செய்தியின் ஊதாரி மைந்தன் உவமையில் இரண்டு மகன்கள் உண்டு. நாம் பெரும்பாலும் இளையவனைப் பற்றியே பேசுகிறோம். பங்கு மக்களாகிய நமக்கு நெருக்கமானவன் மூத்தவன். அவன் வீட்டைவிட்டுப் போகவில்லை. தந்தையின் கட்டளையை ஒருபோதும் மீறவில்லை. ஆனால் வீட்டில் ஆடலும் பாடலும் கேட்கும்போது அவன் வெளியே சினத்தோடு நிற்கிறான். இத்தனை ஆண்டுகளும் அடிமை போல் உழைத்ததாகவும், ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்றும் குறைகூறுகிறான் (லூக் 15:25-30).

அவனிடம் கீழ்ப்படிதல் இருந்தது, மகிழ்ச்சி இல்லை. ஏன்? அவன் மகனாக வாழவில்லை, கூலியாளாக வாழ்ந்தான். கூலியாளின் கையில் எப்போதும் ஒரு கணக்கு நோட்டு இருக்கும்: நான் இவ்வளவு செய்தேன், எனக்கு என்ன கிடைத்தது? பக்கத்து வீட்டுக்காரர் கோவிலுக்கே வருவதில்லை, அவருக்கு மட்டும் எப்படி இத்தனை வசதி? இந்த நோட்டைத் திறந்து வைத்திருக்கும்வரை செபமாலையும் ஒறுத்தலும் சுமையாகவே இருக்கும். தந்தை அவனுக்குச் சொன்ன பதிலைக் கவனியுங்கள். அவன் எப்போதும் தம்மோடு இருப்பதையும், தமக்குரியதெல்லாம் அவனுக்குரியதே என்பதையும் நினைவூட்டுகிறார். தந்தையோடு இருப்பதே பரிசு என்று உணரும்போதுதான் கீழ்ப்படிதல் மகிழ்ச்சியாகிறது.

பணிவும் அமைதியும்

இதை வாழ்ந்து காட்டியவர் புனித 23ஆம் யோவான். இத்தாலியில் ஏழை விவசாயக் குடும்பத்தில் 1881ஆம் ஆண்டு பிறந்த ஆஞ்செலோ ரொங்கால்லி, 1925இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது "பணிவும் அமைதியும்" என்பதை விருதுவாக்காகத் தேர்ந்துகொண்டார். திருச்சபை அவரைப் பல்கேரியாவுக்கு அனுப்பியது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் பெருவாரியாக வாழும் அந்நாட்டில் கத்தோலிக்கர் சிறு கூட்டமே. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். தமக்கு வரும் சோதனைகள் பல்கேரிய மக்களால் அல்ல, திருச்சபையின் மைய நிர்வாகத்திடமிருந்தே வருகின்றன என்று 1926இல் தம் தியான நாள்களில் நாட்குறிப்பில் எழுதினார். வலித்ததை அவர் மறைக்கவில்லை. ஆனால் கசப்பை வளர்க்கவும் இல்லை.

1935 தொடக்கத்தில் துருக்கிக்கு மாற்றப்பட்டார். குருக்கள் பொது இடங்களில் அங்கி அணியக்கூடாது என்னும் சட்டம் அங்கு அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தது. அவர் சாதாரண உடையில் பணியைத் தொடர்ந்தார். பிறகு பாரிஸ், வெனிஸ். 1958 அக்டோபர் 28 அன்று, தம் 76ஆம் வயதில் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதியவர், அமைதியாகச் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போவார் என்று பலர் எண்ணினர். மூன்று மாதங்களுக்குள், 1959 சனவரி 25 அன்று, பொதுச்சங்கத்தைக் கூட்டப்போவதாக அறிவித்தார். 1962 அக்டோபர் 11 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு சூன் 3 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். மக்கள் அவரை "நல்ல திருத்தந்தை" என்று அழைத்தனர். அவருடைய சிரிப்பும் நகைச்சுவையும் இன்றும் பேசப்படுகின்றன. கீழ்ப்படிந்தவர் மந்தமாகிவிடவில்லை, தூய ஆவியார் காட்டிய வழியில் துணிந்து நடக்கும் விடுதலை பெற்றார். 2014 ஏப்ரல் 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

யாருக்குக் கீழ்ப்படிவது?

இங்கே ஒரு தெளிவு தேவை. கடவுளுக்குக் கீழ்ப்படிவது வேறு. கடவுளின் பெயரால் ஒருவர் நம்மை நசுக்குவதற்கு இடம் கொடுப்பது வேறு. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவரிடம் பேசாமல் அடிவாங்குவது இறைத்திருவுளம் என்று எந்தச் சகோதரியிடமும் சொல்லக்கூடாது. பொய்க்கணக்கு எழுதச் சொல்லும் முதலாளிக்கு அடங்கிப்போவதும் கிறிஸ்தவக் கீழ்ப்படிதல் ஆகாது. தலைமைச் சங்கம் வாயடைக்க முயன்றபோது, மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுருவும் திருத்தூதரும் எடுத்துரைத்தார்கள். அதற்காக அடிபட்டார்கள், இயேசுவின் பெயருக்காக அவமதிப்புக்கு உரியவர்களானோம் என்று மகிழ்ச்சியோடு வெளியே சென்றார்கள் (திப 5:29-41). அவர்களின் மகிழ்ச்சியை அந்த அடியால் பறிக்க முடியவில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, நாள்தோறும் பத்து நிமிடம் கேட்பதற்கென்று ஒதுக்குவோம். அன்றைய நற்செய்தியை மெதுவாக வாசித்து, விண்ணப்பம் எதுவும் வைக்காமல் அமைதியாக இருப்போம். நாம் பேசிக்கொண்டே இருந்தால் அவர் எப்போது பேசுவார்?

இரண்டாவதாக, மனச்சான்று ஏற்கெனவே சொல்லிவிட்ட ஒன்றைச் செய்வோம். இறைவனின் விருப்பம் என்னவென்று தெரியவில்லை என்கிறோம். ஆனால் பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணனிடம் போக வேண்டும் என்று தெரியும். வேலைசெய்தவருக்குக் கூலி பாக்கி இருக்கிறது என்று தெரியும். தெரிந்த அந்த ஓர் அடியை வைப்போம். அடுத்த அடிக்கு வெளிச்சம் அப்போது கிடைக்கும்.

மூன்றாவதாக, ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகும்போது மீறிய கட்டளைகளை மட்டுமல்ல, முணுமுணுத்துக்கொண்டே கடைப்பிடித்த கட்டளைகளையும் ஆண்டவர் முன் வைப்போம். அந்தக் கணக்கு நோட்டையும் அவரிடமே ஒப்படைப்போம்.

மூத்த மகன் கடைசியில் உள்ளே போனானா? லூக்கா அதைச் சொல்லவில்லை. தந்தை விருந்தை விட்டுவிட்டு வெளியே வந்து அவனைக் கெஞ்சிக் கேட்டார் என்று மட்டும் சொல்கிறார். நம்மையும் அவர் அப்படித்தான் அழைக்கிறார். நாம் உள்ளே போவோம். நம்மைக் காண ஆவலோடு இருக்கும் அத்தந்தையின் மகிழ்ச்சியில் பங்குகொள்ள ஆண்டவர் நமக்கு அருள்தருவாராக!