பசிபிக் கரையில் கல்லூரி, அட்லாண்டிக் லீக்கில் ஆட்டம்: அமெரிக்க கல்லூரி அணிகள் ஏன் இடம் மாறுகின்றன?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இருப்பது பசிபிக் கரையோர மாநிலமான கலிபோர்னியாவில். ஆனால் 2024 முதல் அது ஆடுவது 'அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்', சுருக்கமாக ஏசிசி-யில். 'பிக் டென்' என்ற இன்னொரு கான்ஃபரன்ஸில் இப்போது 18 அணிகள்! என்னதான் நடக்குது அங்கே?

கான்ஃபரன்ஸ்னா என்ன?

பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆட உருவாக்கிக்கொண்ட கூட்டமைப்புதான் கான்ஃபரன்ஸ். ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்று, வரும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பாலால் வருவது. 2022-ல் பிக் டென் போட்ட 7 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல் என்று செய்திகள் வந்தன.

பேக்-12 எப்படிச் சரிந்தது?

1915-ல் வேர் கொண்ட மேற்குக் கரை கான்ஃபரன்ஸ் அது. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸின் யுஎஸ்சி, யுசிஎல்ஏ இரண்டும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அந்தப் பெரிய சந்தை கைவிட்டுப் போனதும், பேக்-12-க்கு நல்ல டிவி ஒப்பந்தம் கிடைக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் வெளியேறின. கடைசியில் மிஞ்சியவை ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் மட்டுமே. ஆட்டத்தில் தோற்று அவை தனித்துவிடப்படவில்லை. சிறிய ஊர்களில் இருப்பதால் டிவி சந்தையில் மதிப்பு குறைவு, அவ்வளவுதான்.

அடுத்து யார்?

அடிக்கடி அடிபடும் பெயர்கள் ஏசிசி-யின் ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன். இரண்டும் ஏசிசி மீது வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. அதன்படி, வெளியேற கட்ட வேண்டிய தொகை ஆண்டுதோறும் குறைந்து, 2030-31-ல் 7.5 கோடி டாலராகும். பிக் டென்னின் டிவி ஒப்பந்தமும் 2030-ல்தான் முடிகிறது. அதனால்தான் எல்லா ஊகங்களும் 2030-ஐச் சுற்றியே வருகின்றன.

2025-26 முதல் கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்; அந்த முதல் ஆண்டில் வரம்பு சுமார் 2.05 கோடி டாலராக இருந்தது. செலவு கூடக் கூட, பெரிய பங்கு தரும் இடத்தைத் தேடும் அவசரமும் கூடும்.

எந்த வதந்தியை நம்புவது?

பெயர் சொல்லாத 'வட்டாரங்களை' விட மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வெளியேறும் தொகை எவ்வளவு, பல்கலைக்கழக நிர்வாகக் குழு அவசரக் கூட்டம் அறிவித்திருக்கிறதா. 2023-ல் கொலராடோவின் முடிவு அப்படி ஒரு கூட்டத்தில்தான் உறுதியானது.

விலை கொடுப்பது யார்?

இடம் மாறுவது ஃபுட்பாலுக்காக. ஆனால் வாலிபால், சாஃப்ட்பால் மாணவிகளும் கூடவே போகணும். பிக் டென்னில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் நியூஜெர்சியின் ரட்கர்ஸுக்கும் இடையே சுமார் 3,900 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். ஆடிட்டு, விமானம் பிடிச்சு, மறுநாள் காலை வகுப்பில் உட்காரணும். டிவி பணத்தைக் கணக்குப் போடும்போது, இந்தத் தூக்கம் யார் கணக்கிலும் வருவதில்லை.